உயிரியலும் கணிதமும் ஒரே பட்டத்தில்!

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. "உயிரியலில் நல்ல புள்ளி, டாக்டருக்குப் படிக்கட்டும்" என்பார் அப்பா. "கணக்கில்தான் பிள்ளை கெட்டி, எஞ்சினியருக்குப் போகட்டும்" என்பார் மாமா. இரண்டிலும் ஆசை உள்ள பிள்ளை நடுவில் நின்று விழிக்கும். மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் போனாலோ, உயிரியல் படித்ததே வீண் என்று வீடே சோர்ந்து போகும்.

அப்படிச் சோர்ந்து போக வேண்டியதில்லை, பெற்றோர்களே! உயிரியலையும் கணிதத்தையும் சேர்த்துப் படித்துப் பட்டம் பெற வழி உண்டு. உயிருள்ளவற்றுக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? அதை அறிய வெகு தூரம் போக வேண்டாம். நாம் நாளும் பார்க்கும் செம்பனை மரத்தடிக்கே வாருங்கள்.

கொட்டைக்குள் ஒரு கணக்கு

மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை பயிரிடப்பட்டது 1917இல், சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் தோட்டத்தில். அந்தக் காலத்து மரங்கள் 'டூரா' வகை. பழத்தை வெட்டினால் கொட்டையின் ஓடு தடிப்பாக இருக்கும், சதை குறைவு. 'பிசிபெரா' என்று இன்னொரு வகை உண்டு. அதற்கு ஓடே கிடையாது. ஆனால் பெரும்பாலும் குலை தேறாது. இந்த இரண்டையும் இணைத்தால் பிறப்பது 'டெனரா'. ஓடு மெல்லியது, சதை மிகுதி, எண்ணெயும் மிகுதி. இன்று நம் தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் இவைதாம். இந்த இரகசியத்தை 1941இல் பெல்ஜியக் காங்கோவில் இருந்த ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

சரி, டெனரா மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழத்தையே முளைக்க வைத்து நடலாமே, விலை கொடுத்து விதை வாங்குவானேன்? இங்கேதான் கணக்கு வருகிறது. ஒவ்வொரு டெனரா மரத்துக்குள்ளும் ஓடு உண்டாக்கும் கூறு ஒன்றும், ஓடு இல்லாத கூறு ஒன்றும் இருக்கின்றன. தாய் மரம் ஒன்றைக் கொடுக்கிறது. தந்தை மரம் ஒன்றைக் கொடுக்கிறது. இரண்டு இருபது காசு நாணயங்களைச் சுண்டுவது போலத்தான். இரண்டும் தலையாக விழுவது நூற்றுக்கு ஏறத்தாழ 25 முறை. இரண்டும் பூவாக விழுவது 25 முறை. ஒன்று தலை, ஒன்று பூவாக விழுவது 50 முறை. ஆகவே டெனராவும் டெனராவும் கூடிய நூறு விதையில் சுமார் 50தான் டெனராவாகும். 25 பழைய டூரா, 25 பெரும்பாலும் குலை தேறாத பிசிபெரா. நாற்றங்காலில் ஓர் ஆண்டு, நிலத்தில் இரண்டரை ஆண்டு பாடுபட்டு வளர்த்த பிறகுதான் ஏமாந்தது தெரியும்!

அந்தக் கூறு எங்கே இருக்கிறது என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானிகளும் அவர்களின் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2013இல் கண்டுபிடித்தனர். செம்பனையின் மரபுக் குறிப்பு ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள் கொண்டது. கண்ணால் படித்து முடிக்கிற காரியமா அது? கணிதமும் கணினியும் கைகொடுத்துத்தான் முடிந்தது. இப்போது சிறு இலைத் துண்டை வைத்தே நாற்று எந்த வகை என்று சொல்லிவிட முடிகிறது.

தங்கையின் சீர்ப்பணம்

இந்தக் கணக்கை உலகுக்கு முதலில் சொன்னவர் கிரகோர் மெண்டல். 1822இல் ஓர் ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். படிப்புக்குப் பணமில்லாமல் தவித்தபோது, அவருடைய தங்கை தெரேசியா தன் திருமணத்துக்கென்று ஒதுக்கிய பங்கில் ஒரு பகுதியைக் கொடுத்து அண்ணனைப் படிக்க வைத்தார். பின்னாளில் அந்தத் தங்கையின் பிள்ளைகள் படிக்க மெண்டல் உதவினார்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் அவர் இயற்பியலும் கணிதமும் கற்றார், தாவரவியலும் கற்றார். பிறகு மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டார். அவருக்கு முன்னும் பலர் செடிகளை இணைத்துப் பார்த்ததுண்டு. ஆனால் மெண்டல் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மூன்றுக்கு ஒன்று! அந்த விகிதத்தில்தான் மரபின் விதியைக் கண்டார். 1866இல் அச்சான அவருடைய கட்டுரையின் அருமையை 1900இல்தான் உலகம் உணர்ந்தது.

கொசுவும் கணக்கும்

நம் பாட்டன் பூட்டன்மார் காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் ஏராளம். அந்த நோயைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டவர் ரொனால்ட் ராஸ். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். "எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா?" என்று பலர் ஏளனம் செய்தனர். ராஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: எல்லாவற்றையும் கொல்ல வேண்டாம்; ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் போதும், நோய் தானே ஒடுங்கும்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்று கணக்கிட்டார்களே, நினைவிருக்கிறதா? அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றார்கள். அதுவும் ராஸ் வழிவந்த கணக்குத்தான்.

எப்படிப் படிப்பது?

நான்காம் படிவத்திலேயே உயிரியலையும் கூடுதல் கணிதத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடினமென்று கூடுதல் கணிதத்தை விட்டுவிட்டால் பின்னால் பல கதவுகள் அடைபடும். ஆறாம் படிவத்தில் பொதுப் பாடத்தோடு உயிரியல், இரசாயனம், கணிதம் ஆகிய மூன்றையும் எடுக்கலாம். மெட்ரிகுலேஷன் வழியும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் இது ஒரே பெயரில் இராது. வெளிநாடுகள் சிலவற்றில் இரண்டையும் சரிபாதியாகப் படிக்கலாம். வேறு இடங்களில் ஒன்றை முதன்மையாகவும் மற்றதைத் துணையாகவும் எடுக்கலாம். நோய், மருந்து பற்றிய எண்களை ஆராய்வது உயிர்ப்புள்ளியியல். மரபு எழுத்துகளைக் கணினியால் ஆராய்வது உயிர்த்தகவலியல். விண்ணப்பிக்கும் முன் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கி, இரண்டு பாடமும் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது இலகுவான படிப்பன்று. ஆய்வுக்கூட வேலையும் இருக்கும், கணக்குப் பயிற்சியும் இருக்கும். மனப்பாடம் மட்டும் செய்து தேற முடியாது. ஆராய்ச்சி வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் கேட்பார்கள். ஆனால் விதை ஆராய்ச்சி நிலையம், சுகாதாரத் துறை, மருந்து நிறுவனம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. செலவுக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. படித்த பின் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

"எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள், பெற்றோர்களே. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து இரண்டு இருபது காசுகளைச் சுண்டுங்கள். விழுவதைப் பிள்ளை எழுதட்டும். பத்து முறையில் கணக்குப் பிசகும். நூறு முறையில் 25, 50, 25ஐ நெருங்கும். "ஏன் அப்படி?" என்று பிள்ளை கேட்டால், அந்த ஆவலை அணைய விடாதீர்கள். உயிரியலா கணிதமா என்று ஒன்றைப் பறித்து ஒன்றைக் கொடுக்காமல், இரண்டையும் அதன் கையிலேயே விட்டு வையுங்கள்.