எய்ட்ஸ் கிருமியின் மேலாடை

எய்ட்ஸ் என்னும் சொல் நம் நாட்டில் அச்சத்தைச் சுமந்துகொண்டே நுழைந்தது. 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா அவர்களும், எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலும் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து இக்கிருமியைப் பற்றிய அறிவு பன்மடங்கு வளர்ந்துள்ளது. அச்சமோ அந்த அளவுக்குக் குறைந்தபாடில்லை. நோய் கண்டவர் குடித்த குவளையைத் தனியே ஒதுக்கி வைப்போரும், அவருடைய குழந்தையோடு தம் குழந்தையை விளையாட விடாதோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். இவ்வச்சம் தகுமா என்பதை அறிய, அக்கிருமி உடுத்தியிருக்கும் மேலாடையை நாம் சற்று உற்று நோக்குதல் நலம்.

1983ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிரான்சுவா பாரே சினூசி அம்மையாரும் லூக் மோந்தாஞே என்பவரும் இவ்வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இப்பணிக்காக 2008இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வைரஸ் மிகமிக நுண்ணியது. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

இதன் மேலாடை விந்தையானது. நம் உடலின் உயிரணுவுக்குள் பெருகி வெளியேறும்போது, அவ்வுயிரணுவின் கொழுப்புச் சவ்விலேயே ஒரு துண்டைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு வருகிறது. புகுந்த வீட்டின் ஆடையையே உடுத்துச் செல்லும் திருடனைப் போன்றது எனலாம். அந்த ஆடையின்மேல் காளான்களைப் போன்ற சில முளைகள் நிற்கின்றன. சளிக்காய்ச்சல் வைரஸின்மேல் இத்தகைய முளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இதன்மேல் இருப்பவையோ பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்கு மிகா.

இம்முளைகளே உறைப்புரதங்கள் எனப்படுபவை. முதலில் ஜி.பி.160 என்னும் ஒரே புரதமாக உருவாகி, பின்னர் நம் உயிரணுவில் உள்ள நொதிப்பொருளால் இரண்டாக வெட்டப்படுகின்றன. தலைப்பகுதிக்கு ஜி.பி.120 என்றும், காம்புப் பகுதிக்கு ஜி.பி.41 என்றும் பெயர். இத்தகைய மூன்று இணைகள் ஒன்றுகூடி ஒரு முளையாகின்றன.

இவை செய்யும் வேலை யாது? நம் குருதியில் நோயை எதிர்க்கும் படைக்குத் தலைமை தாங்கும் வெள்ளையணுக்கள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் உண்டு. திறவுகோல் பூட்டில் பொருந்துவதுபோல ஜி.பி.120 இதில் பொருந்துகிறது. பொருந்தியவுடன் அதன் வடிவம் மாறுகிறது. அப்போது சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் இரண்டாம் பூட்டையும் அது பற்றிக்கொள்கிறது. உடனே, உள்ளே மறைந்திருந்த ஜி.பி.41 ஈட்டிபோல் பாய்ந்து உயிரணுவின் சவ்வில் தைக்கிறது. பிறகு தானே மடங்கி, இரு சவ்வுகளையும் நெருக்கமாக இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. உண்டான வாயில் வழியே கிருமியின் உட்பொருள் உள்ளே புகுகிறது.

இரண்டாம் பூட்டு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஐரோப்பிய மரபினர் சிலருக்கு, தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்த ஒரு குறையால் சி.சி.ஆர்.5 அறவே இராது. இந்நோய் அவர்களைப் பெரும்பாலும் பற்றுவதில்லை. இரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் கொண்டிருந்த திமோதி ரே பிரவுன் என்பவருக்கு, 2007இல் பெர்லின் நகரில் அத்தகைய ஒருவரின் குருதி மூல அணுக்கள் செலுத்தப்பட்டன. எச்.ஐ.வி.யிலிருந்து குணமடைந்த முதல் மனிதர் அவரே. 2020இல் புற்றுநோயால் இறக்கும்வரை அக்கிருமி அவரிடம் திரும்பவில்லை.

இனி, குவளையின் செய்திக்கு வருவோம். பூட்டு இல்லாத இடத்தில் திறவுகோலுக்கு வேலையில்லை. காயமற்ற தோலின் மேற்பரப்பு உயிரற்ற அணுக்களால் ஆனது, அங்கே சி.டி.4 கொண்ட அணுக்கள் கிருமிக்கு எட்டுவதில்லை. கொசுவின் உடலிலும் அப்பூட்டு இல்லாமையால் கிருமி அங்கே பெருக இயலாது. அதன் கொழுப்பு ஆடையோ மிக மெலிந்தது. சோப்பு நீரில் கரைந்து அழிவது. ஆகவே கைகுலுக்குவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே வீட்டில் வாழ்வதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த குருதி, பிறர்க்கு இட்ட ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கருவிலோ பேற்றின்போதோ தாய்ப்பாலிலோ குழந்தைக்குச் செல்லுதல் ஆகியவையே அது பரவும் வழிகள்.

இதே மேலாடைதான் தடுப்பூசி முயற்சிகளையும் தோற்கடித்து வருகிறது. இரண்டே ஆண்டுகளில் தடுப்பூசி சோதனைக்கு ஆயத்தமாகும் என்று 1984இல் அமெரிக்க நலத்துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் நம்பிக்கை தெரிவித்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது கைகூடவில்லை. ஜி.பி.120இன் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரைப் பொருளே. அச்சர்க்கரை நம் உயிரணுவே பூசியதாதலால், நம் எதிர்ப்புப் படை அதனை அயலானாக எளிதில் கருதுவதில்லை. மேலும் முளையின் வெளிப்பகுதிகள் ஓயாது உருமாறுகின்றன. தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனை, 2009இல் 31 விழுக்காடு அளவே பாதுகாப்பைக் காட்டியது. அதனையொட்டித் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை, பயன் தராமையால் 2020இல் நிறுத்தப்பட்டது.

எனினும் நாம் மனந்தளர வேண்டியதில்லை. ஜி.பி.41 மடங்குவதைத் தடுக்கும் என்ஃபுவிர்டைடு என்னும் மருந்து 2003இலும், ஜி.பி.120ஐப் பற்றிக்கொள்ளும் ஃபாஸ்டெம்சாவிர் 2020இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. கிருமி பெருகுவதைத் தடுக்கும் கூட்டு மருந்துகளை நம் அரசு 2004 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றைத் தவறாது உட்கொண்டு, குருதியில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகவும் நோய் பரவுவதில்லை. சிகிச்சை பெறும் தாய் நலமான குழந்தையைப் பெற்றெடுக்கலாம். நோயாளரைப் பள்ளியிலும் பணியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் சமையலறையில் ஒதுக்கப்படும் குவளையை எந்தச் சட்டமும் எடுத்து வைக்காது. அதனைப் பிற குவளைகளோடு சேர்த்து வைக்க வேண்டியவர்கள் நாமே. சந்தேகம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் தயங்காது பரிசோதனை செய்துகொள்வார்களாக. நோயுற்றோர் மருந்தை ஒருநாளும் தவறவிடாதிருப்பார்களாக. உடனிருப்போர் அவர்களோடு அமர்ந்து உண்பார்களாக.