‘ஒரே ஒரு தடவதான் மச்சி!’

வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். கடைசி பெஞ்ச் பையன் எழுந்து நிற்கிறான், வாயைத் திறப்பதில்லை. பதில் தெரியவில்லை என்று ஆசிரியர் நினைத்துக்கொள்கிறார். தெரிந்தாலும் அவனால் சொல்ல முடியாது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே டீத்தூள் பையைச் சின்னதாக்கியது போல ஒரு புகையிலைப் பொதி இருக்கிறது. புகை கிடையாது, நாற்றம் கிடையாது. பையன்கள் வட்டாரத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: கூல் லிப்.

குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. வருடந்தோறும் அது நீட்டிக்கப்பட்டும் வருகிறது. அப்படியிருந்தும் 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகள் கூல் லிப்புக்கு அடிமையாவதைச் சுட்டிக்காட்டி, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்க வேண்டியிருந்தது. கல்வி நிலையங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சென்னையில் லஸ் முனையிலிருந்து சாந்தோம் வரை ஒரு நடை போனால் எத்தனை பள்ளிகள்! ஒவ்வொன்றையும் சுற்றி நூறு கெஜத்துக்கு வட்டம் போட்டுப் பார்த்தால், மயிலாப்பூரில் சிகரெட் விற்க மிஞ்சும் இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பெட்டிக்கடைகள் அந்தக் கணக்கைப் பார்த்தா நடக்கின்றன?

போதை என்றதும் பெற்றோர் மனதில் வருவது சினிமாவில் பார்த்த காட்சி: இருட்டு அறை, ஊசி, வெள்ளைப் பொடி. பிள்ளைகளின் உலகில் அது அப்படி நுழைவதில்லை. மிட்டாய் வாசனையோடு, ஐந்துக்கும் பத்துக்கும் கிடைக்கிற ஒன்றாக, நெருங்கிய நண்பனின் கையிலிருந்து வருகிறது.

சென்னைக் காவல்துறையின் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இன்னொரு பெயர் பழகியிருக்கும்: டேபென்டடால். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை இது. ஓபியாய்டு வகையைச் சேர்ந்தது. அளவு மீறினால், அல்லது மதுவோடு சேர்ந்தால், மூச்சையே மந்தமாக்கி நிறுத்திவிடக்கூடியது. கஞ்சாவைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள்கூட இதற்குப் பயப்படுவதில்லை. “மாத்திரைதானே, மருந்துக் கடையில் விற்பதுதானே” என்ற நினைப்பு.

பஞ்சர் ஒட்டும் ‘சொல்யூஷன்’, தின்னர், ஒயிட்னர் ஆகியவை இன்னும் சின்ன வயதுக்காரர்களின் கைக்கு எட்டுபவை, முகர்ந்தாலே போதை தருபவை. பாட்டிலில் வரும் ஒயிட்னர் திரவத்துக்கும் தின்னருக்கும் மத்திய அரசு 2012-ல் தடை விதித்து, பேனா வடிவில் மட்டும் அனுமதித்தது இதனால்தான். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஆய்வு செய்து 2019-ல் அறிக்கை வெளியிட்டது. மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர், கஞ்சா, பாங்கு எடுத்துக்கொள்வோர் சுமார் 3.1 கோடிப் பேர் என்றது அது. இவற்றை எல்லாம் பெரியவர்கள்தான் அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். முகர்ந்து ஏற்றிக்கொள்ளும் போதையில் மட்டும் கணக்கு தலைகீழ்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். முதல் தடவையிலேயே இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை எடுத்துவிடக்கூடிய ரகம் இது.

ஏன் இந்த வயது? மூளையில் ‘ஆசை’ப் பகுதி பதின்பருவத்திலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘இரு, யோசி’ என்று பிரேக் போடும் முன்பகுதியோ இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழுமையாக முதிர்கிறது. நடுவே உள்ள பத்து வருடங்கள், ஆக்சிலேட்டர் மட்டும் நன்றாக வேலை செய்கிற பைக். கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்றால், பதின்வயதில் தொட்டவர்களில் அது ஆறில் ஒருவர் ஆகிறது.

அடிமையானவரை மீட்க ஓர் இடம் வேண்டுமே. சென்னை டிடிகே சாலையில் தினமும் போய்வரும் பலருக்கும் அந்தப் பெயரோடு ஒட்டிய ஒரு துயரக் கதை தெரிந்திருக்காது. மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன், குடிப்பழக்கத்தால் 1979-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பணம், படிப்பு, செல்வாக்கு எதற்கும் குறைவில்லாத குடும்பம். ஆனாலும் குடியை ஒரு நோயாகப் பார்த்து சிகிச்சை தரும் இடம் அன்று ஊரில் இல்லை. மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1980-ல் கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் இன்று அடையாறு இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சொசைட்டி விருதும் வந்தது.

அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை இல்லை. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். மறைத்து மறைத்துக் காப்பாற்றுவதும், திட்டித் தீர்ப்பதும், கடனை அடைத்துவிடுவதும் எப்படி அந்தப் பழக்கத்துக்கே தீனி போடுகின்றன என்று அம்மாவுக்கும் மனைவிக்கும் புரியவைக்கிறார்கள். நான்கு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடாத குடும்பம் அபூர்வம்.

வந்தபின் பார்ப்பது இருக்கட்டும், வராமல் தடுப்பது எப்படி? அதற்குத்தான் பள்ளி என்கிறோம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், போதைப் பழக்கம் குறித்துப் பாடத்திட்டத்தில் சேர்க்க வழி செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். பள்ளி, கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் வந்தன. ஒவ்வொரு ஜூன் 26-ம் தேதியும், ஐ.நா. அறிவித்த சர்வதேச நாளில், பதாகை ஏந்திய பிள்ளைகளின் பேரணியைச் சாலைகளில் பார்க்கலாம்.

பேரணியும் உறுதிமொழியும் போதுமா? இதில் அமெரிக்கா கற்ற பாடம் விலை கூடியது. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை ‘டேர்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து, போதையின் கொடுமைகளைச் சொல்லி, ‘வேண்டாம் என்று சொல்’ என்று கற்றுத்தருவார். பெற்றோருக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கும் பிடித்தது, நாடு முழுக்கப் பரவியது. பத்து வருடம் கழித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. கடைசியில் 2009-ல் அந்த அமைப்பு பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டது. அழுகிய நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவதும், முன்னாள் அடிமையை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பதும் பலன் தருவதில்லை என்பதைத் தடுப்பு முறைகளுக்கான ஐ.நா.வின் சர்வதேச வழிகாட்டியும் சொல்கிறது.

ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். இடையில் என்ன நடந்தது? விளையாட்டுக்கும் இசை வகுப்புக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் நகராட்சி பணம் ஒதுக்கியது. இரவு இத்தனை மணிக்குமேல் பிள்ளைகள் வெளியே சுற்றக்கூடாது என்று பெற்றோர்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டார்கள். வருடந்தோறும் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டு, அந்த முடிவை அந்தந்தப் பள்ளிக்கே திருப்பித் தந்தார்கள். பள்ளி, டியூஷன், நீட் கோச்சிங், மறுபடி டியூஷன் என்று ஓடி, நடுவே ஆள் இல்லாத ஃபிளாட்டுக்குத் திரும்பும் தி.நகர் பிள்ளைக்கு மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது வாழ்க்கைத்திறன் பயிற்சி. பெயர் பெரிது, நடப்பது எளிது. ஆலோசகர் உரை நிகழ்த்துவதில்லை. இரண்டு மாணவர்களை எழுப்பி நாடகம் போடச் சொல்கிறார். ஒருவன், “மச்சி, ஒரே ஒரு தடவதான்டா, ஒண்ணும் ஆகாது” என்கிறான். மற்றவன் வகுப்பே சிரிக்க, “வேணாண்டா” என்று முனகுகிறான். “அவ்வளவுதானா? அவன் விடமாட்டான். இன்னொரு தடவை சொல்லு” என்கிறார் ஆலோசகர். இரண்டாம் முறை, “எனக்கு நாளைக்கு மேட்ச் இருக்கு.” மூன்றாம் முறை, “எனக்குப் பிடிக்கல, நீயும் வா, போலாம்.” நட்பு முறியாமல் மறுப்பது எப்படி என்று நாக்குக்குப் பழக்குகிறார்கள், வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல. இது ஒரு நாளில் முடிவதில்லை. வாரம் ஒரு பீரியட், பல மாதங்கள் வேண்டும். பரீட்சை அட்டவணையில் முதலில் பறிபோவதும் அந்த பீரியட்தான்.

வீட்டிலும் இதே கதை. பையில் எதையாவது பார்த்துவிட்டால் அறை விழுகிறது, போன் பிடுங்கப்படுகிறது, அப்புறம் பேச்சே நின்றுவிடுகிறது. போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. சட்டம் இங்கே கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதே நேரம் பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015-ன் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருடம் வரை சிறை.

போன் நம்பர்கள் மூன்று. விற்பவரைப் பற்றித் தகவல் தர 10581. பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை கேட்க 14446. காரணம் புரியாமல் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. பெரும்பாலான வீடுகளில் இவற்றில் ஒன்றுகூட எழுதி வைக்கப்பட்டிருக்காது. ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் ஏஜென்சி நம்பரும் தண்ணீர் கேன்காரர் நம்பரும் ஒட்டியிருக்கும். அவற்றின் கீழே இன்னும் மூன்று வரிக்கு இடமிருக்கிறது.