நெட் வரலையா? முதலில் விளக்கைப் பாருங்க!

வேங்கிக்காலில் ஒருமுறை நெட் வரவில்லை என்று, மோடத்தின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியால் குத்திவிட்டோம். அது ரீசெட் பட்டனாம்! செட்டிங் எல்லாம் அழிந்து, இரண்டு நாள் குழுக் கணக்கை ஏற்ற முடியாமல் தவித்தோம்.

நீங்க முதலில் விளக்கைப் பாருங்க. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால், தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழையில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். ஒயர் மடங்கியிருந்தால் நிமிர்த்தி விடுங்க. அப்பவும் சிவப்பு போகலைன்னா புகார் கொடுங்க. ஒயரைக் கழற்றி முனையை உற்றுப் பார்க்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி பார்வையைக் கெடுக்கலாம்.

சிவப்பு இல்லையா? சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுங்க. பல நேரம் இதிலேயே சரியாகிடும்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்க.