ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் தயாரிக்கும் நடுத்தர அளவுள்ள குரூசர் வகை மோட்டார் சைக்கிள் ஆகும். இது தண்டர்பேர்டு 350 வண்டிக்கு மாற்றாக 2020 நவம்பரில் அறிமுகமானது. இங்கிலாந்தின் பழைய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1950களில் தயாரித்த இரட்டை சிலிண்டர் வண்டியின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

வடிவமைப்பு நோக்கம்

பந்தய வகை வண்டியில் ஓட்டுபவர் முன்னால் குனிந்து அமர்கிறார். குரூசரில் நிமிர்ந்து, கால்களை முன்னால் நீட்டி அமர்கிறார். விரைந்து செல்வதைவிட, நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்வதே இவ்வகையின் நோக்கம். மீட்டியோரின் இருக்கை தரையிலிருந்து 765 மி.மீ. உயரத்தில் மட்டுமே உள்ளது. எனவே உயரம் குறைந்தவர்களும் இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிகிறது.

எஞ்சின்

இதன் ஒற்றை சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 85.8 மி.மீ. உருளையின் கனஅளவுச் சூத்திரப்படி கணக்கிட்டால் சுமார் 349 கன செ.மீ. வரும். இந்த அளவு தற்செயலானது அன்று. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, 350 கன செ.மீ.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 3 விழுக்காடு கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் முதல் இந்த வரம்புக்குட்பட்ட வண்டிகளுக்கு 18 விழுக்காடும், மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடும் வரி.

பிஸ்டன் நெடுந்தூரம் நகர்வதால் இந்த எஞ்சின் மிக வேகமாகச் சுழல ஏற்றதன்று. அதன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டர், நிமிடத்திற்கு 4000 சுழற்சியிலேயே கிடைக்கிறது. அதனால் அடிக்கடி கியர் மாற்றாமல் நிதானமாக ஓட்டலாம். உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன்.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் பாய்வதால் அதிர்வு உண்டாகும்; நெடும்பயணத்தில் கைகள் மரத்துப்போகும். இதைக் குறைக்க, எதிர்த்திசையில் சுழலும் சமன்செய் தண்டு ஒன்று இதில் சேர்க்கப்பட்டுள்ளது. தண்டர்பேர்டு 350இல் இது இல்லை.

பாதுகாப்பு

முன், பின் இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகள் உள்ளன. திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதபடி இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் வசதி உண்டு.

குறைகள்

எரிபொருளுடன் இதன் எடை 191 கிலோ. அன்றாடப் பயன்பாட்டுக்கான 100 கன செ.மீ. வண்டிகளின் எடை சுமார் 110 கிலோதான். ஆகவே குறுகிய தெருவில் திருப்புவதும், பழுதானால் தள்ளிச் செல்வதும் கடினம். கால் முன்னால் இருப்பதால் பள்ளத்தில் இறங்கும்போது எழுந்து நின்று அதிர்ச்சியைக் கால்களில் தாங்க இயலாது. அது முதுகெலும்பின் அடிப்பகுதியைத் தாக்கும். எனவே நல்ல நெடுஞ்சாலையில் சுகமான இவ்வண்டி, குண்டும் குழியுமான சாலையில் அந்த அளவு சுகம் தராது. வாங்க எண்ணுபவர் தோற்றத்தை மட்டும் பாராமல், தாம் அன்றாடம் செல்லும் சாலையையும் தம் உடல் வலுவையும் கருதிப் பார்ப்பது நன்று.