அப்பா அழுதார், மகள் பந்தை எடுத்தாள்!

2020-ம் ஆண்டில் வாழப்பாடி அருகே கிரிக்கெட் மைதானம் திறந்தார்கள். ராகுல் டிராவிட் வந்திருந்தார். விவசாய பூமியில் கிரிக்கெட்டா என்று கேட்பவர்கள், "கனா" படத்தைப் பார்க்கவேண்டும். 2018-ல் வந்த படம்.

குளித்தலை விவசாயி முருகேசனுக்கு கிரிக்கெட் என்றால் உயிர். இந்தியா தோற்றதும் அழுதுவிட்டார். அதைப் பார்த்தாள், சிறுமி கௌசல்யா. தானே ஆடி, ஜெயித்து, அப்பாவைச் சிரிக்க வைப்பது என்று முடிவு செய்தாள்.

பெண்ணுக்குப் பந்து எதற்கு என்று தாய் அதட்டினாள். ஊரும் ஏசியது. அப்பா மட்டும் மகள் பக்கம். அவருக்கோ பயிர் இல்லை. பாங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. மகள் இந்திய அணியில் சேர்ந்தாள். ஜெயித்த மேடையில் அவள் பேசியது விவசாயியின் கஷ்டத்தைத்தான்!

முருகேசனாக சத்யராஜும், கௌசல்யாவாக ஐஸ்வர்யா ராஜேசும் நடித்தனர். டைரக்ஷன்: அருண்ராஜா காமராஜ்.

இது சினிமா. நிஜம் என்ன?

உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் ஒரு தமிழ்ப் பெண்தான். பெயர் திருஷ் காமினி, ஆண்டு 2013. ஆனால் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 2005-ல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2017-ல் லண்டனில் வெறும் 9 ரன்னில் தோல்வி!

2025 நவம்பர் 2-ந் தேதி, நவி மும்பையில் தென் ஆப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று, இந்தியப் பெண்கள் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். படம் வந்து கிட்டத்தட்ட 7 ஆண்டு ஆகியிருந்தது.