மூடியைத் தூக்கிப் பார்த்தேன்: வெளிவரும் முன்னே லிப்ரே ஒபிஸ் 25.8

இலவச ஒபிஸ் மென்பொருளான லிப்ரே ஒபிஸின் 25.8 பதிப்பு 2025 ஓகஸ்டில் வெளிவந்தது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னால், கல்யாண வீட்டுக் குசினிக்குள் நைசாக நுழைந்து, புரியாணிச் சட்டியின் மூடியைத் தூக்கி மணம் பிடிக்கிற சிறுபிள்ளையின் சந்தோஷம்தான் எனக்கு. காரணம், பீட்டா எனப்படுகிற அதன் சோதனைப் பதிப்பை இறக்கி மடிக்கணினியில் போட்டிருந்தேன்! வழக்கமாக வேலை செய்கிற பழைய பதிப்பு அப்படியே இருந்தது. புதியது ‘லிப்ரே ஒபிஸ் டெவ்’ என்ற வேறு பெயரில் பக்கத்திலே தனியாகக் குடிவந்திருந்தது. ஒன்றின் அமைப்புகளில் மற்றது கை வைப்பதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதைத் திறந்து, ஒவ்வொரு மெனுவாக நோண்டிப் பார்ப்பதுதான் அப்போது என் பொழுதுபோக்கு.

இதில் துள்ளுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை நம்முடைய ஏறாவூர் பிரதான வீதியில் உள்ள ஏதாவதொரு கொமியூனிகேஷன் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும். போட்டோ கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கணினி. அதற்கு முன்னால் காலையிலிருந்து ஆட்கள். பள்ளிக்கூட வினாத்தாள், வலீமா அழைப்பிதழ், பள்ளிவாசல் வரவு செலவு அறிக்கை, பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம், கட்டாருக்குப் போகிற தம்பியின் சுயவிபரக் கோவை, தையல் கடைக்கு பில் புத்தகம். இவ்வளவும் அந்த ஒரே மேசையில்தான் பிறக்கின்றன. ஒரு A4 தாளின் உச்சியில் அறபியில் பிஸ்மில்லாஹ், அதற்குக் கீழே தமிழ், அலுவலக முகவரி சிங்களத்தில், மின்னஞ்சல் ஆங்கிலத்தில். நான்கு எழுத்துமுறைகள் ஒரே பக்கத்தில்! இவற்றில் அறபு வலமிருந்து இடமாக ஓடும், மற்றவை இடமிருந்து வலமாக ஓடும். கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற பெரிய அலுவலகம் ஒன்று வருடத்தில் எத்தனை முறை இப்படி ஒரு தாளை அடிக்கும்? நம்முடைய கடைகளில் இது அன்றாட வேலை. ஒரு ஒபிஸ் மென்பொருளுக்கு உண்மையான பரீட்சை வைக்கிற இடம் நம்முடைய மட்டக்களப்பு வாவிக்கரைதான் என்று நான் நெஞ்சாரச் சொல்வேன்.

கொஞ்சம் உள்ளே போவோம். ‘கொழும்பு’ என்று தட்டச்சு செய்கிறீர்கள். கணினியின் நினைவில் முதலில் ககரம், அதற்குப் பின்னால் ஒகரக் குறி என்றுதான் பதிவாகும். திரைக்கு வரும்போது கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்கவேண்டும். அறபியிலோ ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். அதன் மேலும் கீழும் ஹரக்கத்துகள் வேறு. இந்தக் கோர்வை வேலையை முன்பு லிப்ரே ஒபிஸ் ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு இயந்திரத்திடம் கொடுத்திருந்தது. வின்டோஸில் ஒன்று, மெக்கில் இன்னொன்று, லினக்ஸில் வேறொன்று. 2017 இல் வந்த 5.3 பதிப்பில் அது மாறியது. எல்லா இடத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே இயந்திரம் வந்தது. அந்த மாற்றத்தைச் செய்வதில் முன்னின்றவர் காலித் ஹொஸ்னி என்ற எகிப்தியர். கெய்ரோவின் பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தழகை ‘அமீரி’ என்ற எழுத்துருவாகக் கணினிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அமீரி லிப்ரே ஒபிஸோடு சேர்ந்தே வருகிறது. தனியாகத் தேடி இறக்க வேண்டியதில்லை. அறபு எழுத்தின் மேல் காதல் கொண்ட ஒரு மனிதர் செய்த வேலையால் செங்கலடியின் ‘செ’யும் கொழும்பின் ‘கொ’வும் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நிற்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் ஒரு முடிச்சு பல வருடமாக அவிழாமல் கிடக்கிறது. லிப்ரே ஒபிஸ் உலகத்து எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேற்கத்தியம் ஒன்று, சீனமும் யப்பானியமும் அடங்கிய ஆசியக் கூட்டம் ஒன்று, சிக்கல் எழுத்துகள் ஒன்று. தமிழ், சிங்களம், அறபு மூன்றும் அந்த மூன்றாவது கூட்டத்துக்குள்தான். ஒரு பத்தி நடைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு எழுத்துருதான் கொடுக்கலாம். தமிழுக்கு லதா என்று வைத்தால் அறபுக்கும் சிங்களத்துக்கும் கணினி தானாகவே கையில் கிடைத்ததை எடுத்துப் போடும். நான் செய்கிற வழி இது: பத்திக்கு நிர்மலா எழுத்துரு, அதில் தமிழும் சிங்களமும் இரண்டுமே உண்டு. அறபு வரிக்கு மட்டும் தனியாக ஒரு எழுத்து நடை உருவாக்கி, அதில் அமீரி. ஒருமுறை செய்து வார்ப்புருவாகச் சேமித்தால் பிறகு எத்தனை அழைப்பிதழ் வந்தாலும் கவலையில்லை. இந்த மூன்றாவது கூட்டத்து மொழிகளையும் கவனிப்பதற்காக லிப்ரே ஒபிஸை நடத்துகிற அறக்கட்டளை 2024 இல் ஒரு நிரலாளரை வேலைக்கு எடுத்தது, ஜொனதன் கிளார்க் என்று பெயர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

சரி, 25.8 இல் என்ன வந்தது? நான் மிகவும் காத்திருந்தது விரிதாளுக்குத்தான். எக்செல்லில் எக்ஸ்லுக்கப் என்ற சூத்திரம் 2019 இல் அறிவிக்கப்பட்டது. லிப்ரே ஒபிஸுக்கு அது வர 2024 ஓகஸ்ட், 24.8 பதிப்பு வரை ஆயிற்று. ஃபில்டர், சோர்ட், யுனிக் என்பனவும் அதோடுதான் வந்தன. 25.8 இல் அடுத்த தொகுதி: டெக்ஸ்ட்ஸ்பிளிட், வீஸ்டாக், எச்ஸ்டாக், டேக், ட்ரொப் என்று ஒரு பட்டாளம். எக்செல் இவற்றை 2022 இலேயே தந்துவிட்டது. கடையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், அங்கே வேலை செய்கிற தம்பி கேட்டார்:

“காக்கா, கொழும்பால வந்த எக்செல் பைல் ஒண்டு. இதில திறந்தா கூடெல்லாம் பிழை காட்டுது. என்ன செய்ற?”

“இது 7.3 தம்பி, 2022 இல வந்தது. ஓகஸ்ட் வரட்டும், ஒரே பாய்ச்சல்ல எல்லாத்தையும் புடிச்சிருவம்.”

வீட்டுக்கு வந்து பீட்டாவில் ஒரு ஸகாத் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். பெயர்களை மாற்றிய மாதிரிப் பட்டியல்தான். பெயர், வீதி, தேசிய அடையாள அட்டை இலக்கம் மூன்றும் காற்புள்ளி போட்டு ஒரே கூட்டுக்குள் திணிக்கப்பட்டிருந்தன, நம்முடைய ஊரில் பட்டியல்கள் எப்போதும் வருகிற மாதிரியே. டெக்ஸ்ட்ஸ்பிளிட் ஒன்று எழுதினேன். மூன்றும் மூன்று நிரலாகப் பிரிந்து நின்றன! அடுத்தது வீஸ்டாக். நான்கு மஹல்லாவின் பட்டியல்கள் நான்கு தாளில் இருக்க, அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வந்து ஒரே பட்டியலாயின. அதைச் சுற்றி யுனிக் போட்டதும் இரண்டு இடத்தில் பதிந்திருந்த குடும்பங்கள் ஒன்றாகிவிட்டன. றமழான் கடைசிப் பத்தில் நிர்வாக சபை ஆட்கள் ஸஹர் வரை கண் விழித்துச் செய்கிற வேலை இது. நான் கதிரையை விட்டு எழும்பி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துச் செயலியான ரைட்டரும் விரிதாளான கல்க்கும் கோப்புகளைத் திறக்கிற வேகம், உருவாக்கியவர்களின் பரிசோதனைகளில் 30 சதவீதம் வரை கூடியிருக்கிறது. பிடிஎஃப் 2.0 வடிவத்தில் ஏற்றுமதி செய்யலாம். சொல் முறிப்பையும் சொற்களுக்கு நடுவிலான இடைவெளியையும் புதிதாகச் சீர்செய்திருக்கிறார்கள். நீளநீளமான தமிழ்ச் சொற்களை இரு பக்கமும் சமமாக நேர்ப்படுத்தி அச்சடிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

இந்த வேலையெல்லாம் நடக்கிற விதத்தைப் பார்ப்பது இன்னும் சுவை. இந்த மென்பொருளின் வேர், மார்கோ பொரிஸ் என்ற ஜேர்மானிய இளைஞர் 1985 இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷனில் இருக்கிறது. 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த வருடம் மூலநிரலைத் திறந்துவிட்டது. சன் 2010 இல் ஒரக்கிளின் கைக்குப் போனதும், அந்த வருடம் செப்டம்பர் 28 இல் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து தொடங்கியதுதான் டொக்யுமென்ட் ஃபவுண்டேஷன். பெர்லினில் பதிவான அறக்கட்டளை அது. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு. 2024 முதல் பதிப்பு எண்ணே வருடமும் மாதமும்தான், 25.8 என்றால் 2025 எட்டாம் மாதம். குறித்த நாளில் புதிய வசதிகளுக்குக் கதவடைப்பார்கள். சோதனைக்கு முதலில் அல்ஃபா, பீட்டா, அதற்குப் பிறகு ஆர்சி எனப்படுகிற வெளியீட்டு வேட்பாளர்கள். கதவடைத்த பிறகு பிழை திருத்தம் மட்டும்தான் உள்ளே போகும். எனக்குப் பிடித்த விஷயம் இது: வெளியீட்டு நாளில் உலகம் இறக்குகிற இறுதிப் பதிப்பும் கடைசி ஆர்சியும் ஒன்றேதான். அதாவது கடைசி ஆர்சியைப் போட்டிருக்கிறவர், ஊருக்கு முன்னால் பெருநாள் உடுப்பைப் போட்டுவிட்டார்! ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் திறந்தால் யார் முறையிட்டார், யார் சரிபார்த்தார், எந்த வரியை யார் திருத்தினார் எல்லாம் பகிரங்கமாகக் கிடக்கும்.

இந்தப் பதிப்பு ஏறாவூருக்கு வந்து சேர்வதற்கு ஒரு தடை இருக்கிறது. 25.8 வின்டோஸ் 7 இலும் 8 இலும் ஓடாது. வின்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். வின்டோஸ் 7 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 உடன் நிறுத்திவிட்டது. நம்முடைய கடைகளிலோ அது இன்னும் உழைக்கிறது. வின்டோஸ் 10 க்கான ஆதரவுக் கெடுவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். வின்டோஸ் 11 க்குப் பழைய கணினிகள் பல ஈடுகொடுக்காது. புதிய கணினிக்குக் காசு கட்ட முடியாத கடைக்கு என் யோசனை நேரானது: லினக்ஸ் மின்ட் போடுங்கள். லிப்ரே ஒபிஸ் அதிலேயே இருக்கிறது. காசு கேட்காது, கள்ளப் பதிப்பு என்ற குற்ற உணர்வும் வேண்டாம்.

இந்த மாற்றத்தோடு சேர்த்துப் பாமினி என்ற பழைய எழுத்துருவையும் விட்டுவிடலாம் என்பது என் பேராசை. பாமினியில் அடித்த வினாத்தாள் பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அது வெறும் குப்பை. வட்ஸ்அப்பில் ஒட்டினாலும் அதே கதி. ஒரு மாணவனின் பெயரைத் தேட முடியாது. யுனிகோடை அடிப்படையாக வைத்துத் தமிழுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம் 2008 இல் வந்துவிட்டது. விரல்கள் பழகிய பாமினி விசை முறையிலேயே யுனிகோட் அடிக்க இ-கலப்பை இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்ற சுரதாவின் எழுத்துருமாற்றி இருக்கிறது. பழைய வினாத்தாள் ஒன்றை மாற்றி, பீட்டாவில் திறந்து, ‘வாவி’ என்று தேடினேன். கேள்வி 7 இல் போய் நின்றது. அலிகார் தேசிய பாடசாலை முதல் ஊரின் சின்னப் பள்ளிக்கூடம் வரை, வருடக்கணக்கில் சேர்ந்த வினாத்தாள்கள் இப்படித் தேடக்கூடியவையானால் ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து!

மெனுக்களின் தமிழாக்கம் இன்னும் முழுமையடையவில்லை. தமிழில் மாற்றிப் பார்த்தால் இடையிடையே ஆங்கிலம் தலைகாட்டும். வெப்லேட் என்ற தளத்தில் யாரும் கணக்குத் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழ் எழுதிக் கொடுக்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நல்ல தமிழும் கொஞ்சம் பொறுமையும் போதும், இரண்டும் நம்முடைய ஊர் ஆசிரியர்களிடம் தாராளமாக உண்டு.

ஆகவே கடைக்காரக் காக்காமாரே, தம்பிமாரே, ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள். உங்களிடம் உள்ள கோப்புகளில் மிகவும் சிக்கலானது எதுவோ, அறபும் சிங்களமும் தமிழும் கலந்த அழைப்பிதழோ, பள்ளிவாசல் கணக்கோ, அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பின் பீட்டா வரும்போது அதைப் போட்டு, அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். பீட்டா தனியாக நிற்கும், பழையதற்கு ஒன்றும் ஆகாது. ஆர்சி அப்படியல்ல, பழைய பதிப்பின் இடத்திலேயே வந்து உட்காரும் என்பதால் கடைக் கணினியில் அவசரப்பட வேண்டாம். ஏதாவது எழுத்து இடம் மாறி நின்றால், திரைப்பிடிப்போடு லிப்ரே ஒபிஸின் பக்ஸில்லா தளத்தில் முறைப்பாடு எழுதுங்கள். அந்தப் பதிப்பு வெளிவருவதற்குள் திருத்த முடியாமல் போனாலும் அதற்கடுத்த பெரிய பதிப்பு வரும், அதற்கு முன்னால் சிறு திருத்தப் பதிப்புகளும் வரும்.