கண்டும் காணாமல்

'டேர்ன் எ பிளைன்ட் ஐ' என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு, தெரிந்தே ஒன்றைக் கண்டும் காணாமல் விடுதல் என்பது பொருள்.

பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன், 1794இல் கோர்சிக்காத் தீவில் நடந்த போரில் வலக்கண் பார்வையை இழந்தவர். 1801இல் கோப்பன்ஹேகன் போரின்போது மேலதிகாரி போரை நிறுத்தும்படி சைகை கொடுத்தார். நெல்சனோ தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வைத்து, சைகை தெரியவில்லை என்றாராம். இத்தொடருக்கு இக்கதையையே காரணமாகச் சொல்வர்.

சகோதரிகளே! பிறர் குறையை மறைப்பது இஸ்லாம் போற்றும் பண்பு. ஆனால், சீதனத்துக்காக மருமகள் குத்திக்காட்டப்படும்போதும், பணிப்பெண் அடிபடும்போதும் வாய்மூடி இருப்பது அப்பண்பாகாது. தீமையைக் கையால், இயலாவிட்டால் நாவால் தடுக்கும்படியும், அதற்கும் இயலாதவர் உள்ளத்தால் வெறுக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நல்ல கண்ணிருந்தும் நாம் குருடராவதா?